பேச்சு, பலகை, நோட்டு: மூன்றுக்கும் ஒரே கடிகாரம்

1961 செப்டம்பரில் தொடங்கி 1963 மே வரை, கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ரிச்சர்ட் ஃபைன்மன் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தினார். அவர் பேசியது ஒலிநாடாவில் பதிவானது. பலகையில் எழுதியதும் வரைந்ததும் புகைப்படங்களாயின. ராபர்ட் லெய்ட்டனும் மேத்யூ சாண்ட்ஸும் அந்தப் பேச்சை எழுத்தாக்கி, ஃபைன்மனோடு சேர்ந்து செப்பனிட்டார்கள். மூன்று தொகுதிகளாக வந்த அந்த விரிவுரைகளை அறுபது ஆண்டுகள் கடந்தும் மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள்.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பு ஜெனீவாவில் வேறொரு வகுப்பு நடந்தது. ஃபெர்டினாண்ட் டி சசூர் 1907க்கும் 1911க்கும் இடையில் பொது மொழியியல் பாடத்தை மூன்று முறை நடத்தினார். அதை அவரே நூலாக எழுதவில்லை. 1913இல் அவர் மறைந்த பிறகு, ஷார்ல் பாலி, ஆல்பெர் செஷெஹே என்ற இரு அறிஞர்கள் மாணவர்களின் நோட்டுகளைத் திரட்டி 1916இல் ஒரு நூலாக்கினார்கள். அவர்கள் இருவருமே அந்த வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டவர்கள் அல்லர். நவீன மொழியியலுக்கு அடித்தளமான அந்த நூலில் எந்த வாக்கியம் சசூருடையது, எது தொகுத்தவர்களுடையது என்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பிரித்துப் பார்த்து வருகிறார்கள்.

நோட்டு மட்டும் மிஞ்சினால், மாணவருக்குப் புரிந்த அளவுக்கே ஆசிரியரும் மிஞ்சுவார். பேச்சும் பலகையும் மிஞ்சினால் ஆசிரியர் முழுமையாகக் கிடைப்பார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர் எங்கே தடுமாறினார், எதைப் பிடித்துக்கொண்டார் என்பது அதில் இருக்காது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு ஒரு வகுப்பறையையே சோதனைக்கூடமாக்கி விடை தேடியது அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா டெக். கல்லூரியில் விரிவுரைப் பதிவைத் தொடங்க நினைக்கும் ஆசிரியரும் துறைத்தலைவரும் கருவி வாங்குவதற்கு முன் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அட்லாண்டாவில் நடந்தது

1991இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் வைசர் ஒரு கட்டுரை எழுதினார். வருங்காலத்தில் கணினி மேசைமேல் தனியாக உட்கார்ந்திருக்காது, அறையின் சுவரிலும் கையடக்கப் பலகையிலும் கரைந்து கண்ணில் படாமல் வேலை செய்யும் என்பது அதன் சாரம். அந்தக் கருத்தை வகுப்பறையில் செய்து பார்க்க 1995இல் ஜார்ஜியா டெக்கின் கணினியியல் பேராசிரியர் கிரெகரி அபௌட் தொடங்கிய திட்டத்துக்குப் பெயர் 'கிளாஸ்ரூம் 2000'. பின்னாளில் அது 'இகிளாஸ்' ஆயிற்று.

ஆசிரியர் வழக்கம்போலப் பாடம் நடத்தட்டும், பதிவு செய்யும் வேலையை அறை பார்த்துக்கொள்ளட்டும் என்பதே திட்டத்தின் அடிப்படை. கரும்பலகையின் இடத்தில் 'லைவ்போர்டு' என்ற மின்பலகை வந்தது. அதில் ஆசிரியர் பேனாவால் இழுக்கும் ஒவ்வொரு கோட்டோடும் அந்த நொடியின் நேரமும் சேமிக்கப்பட்டது. ஒலிக்கும் காட்சிக்கும் அதே கடிகாரம்தான். வகுப்பு முடிந்ததும் மென்பொருள் இவற்றையெல்லாம் கோத்து ஓர் இணையப் பக்கமாக்கும். மாணவர் அந்தப் பக்கத்தில் ஒரு சமன்பாட்டின்மேல் சொடுக்கினால், அதை எழுதியபோது ஆசிரியர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது காதில் விழும். ஒரு மணி நேரப் பதிவை முன்னும் பின்னும் ஓட்டித் தேட வேண்டியதில்லை.

மாணவர்களின் கைக்குறிப்பையும் இதில் சேர்க்கப் பேனாவால் எழுதும் சிறு கணினிகளை அந்தக் குழு பரிசோதித்தது. 1999இல் காய் ட்ருவாங் முன்னின்று உருவாக்கிய 'ஸ்டூபேட்' என்ற ஏற்பாட்டில், ஆசிரியர் பலகையில் எழுதுவது மாணவரின் திரைக்கு அப்படியே வந்துவிடும். மாணவர் அதன்மேல் தன் கேள்வியையோ விளக்கத்தையோ மட்டும் எழுதினால் போதும். பார்த்து எழுதும் வேலை இல்லாமல் போனதால், குறிப்பு என்பது மாணவரின் சொந்தச் சிந்தனை மட்டுமே ஆனது. இந்தப் பிரிவினை எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும்: பொதுவான பதிவு ஒருபுறம், தனிப்பட்ட குறிப்பு இன்னொருபுறம், இரண்டையும் இணைக்க நேரம்.

இனி முடிவுகள். மூன்றாண்டு ஆய்வின் பாடங்களை ஜேசன் பிரதர்ட்டனும் அபௌட்டும் 2004இல் கட்டுரையாக்கினார்கள். பதிவு கிடைக்கிறது என்பதால் வகுப்புக்கு வருவோர் குறைந்துவிடவில்லை. மதிப்பெண்ணில் அளந்து காட்டும்படியான மாற்றமும் தெரியவில்லை. ஆனால் வகுப்பு முடிந்த சில நாட்களுக்குள் பாடத்தைத் திரும்பப் பார்க்கும் நல்ல பழக்கத்தை அது ஊக்குவித்தது. தேர்வுக்கு முந்தைய நாட்களிலும் பயன்பட்டது. விரிவுரைப் பதிவு தேர்ச்சி விகிதத்தை உயர்த்தும் என்று நிர்வாகத்திடம் உறுதி கொடுத்துக் கருவி வாங்குகிறவர்கள் அடுத்த ஆண்டே சிக்கலில் மாட்டுவார்கள். திரும்பிப் பார்க்கும் வாய்ப்பைத் தரும் என்று மட்டும் சொல்வதே நேர்மை. அதுவே போதுமான காரணமும்கூட.

மின்பலகை இல்லாத கல்லூரியில்

இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் சூட்சுமம் நேரம்தான், மின்பலகை அல்ல. அந்தக் கடிகாரம் இன்று எல்லார் சட்டைப்பையிலும் செல்போனாக இருக்கிறது. வலையமைப்பிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைத்த செல்போன்கள் ஒரே நேரத்தைத்தான் காட்டும்.

பதிவைத் தொடங்கியதும் ஆசிரியர் தேதி, பாடம், யூனிட், மணி ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாணவர்கள் தங்கள் நோட்டின் இடது ஓரத்தில், தலைப்பு மாறும்போதும் ஏதேனும் புரியாமல் போகும்போதும் மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 10:05க்குத் தொடங்கிய வகுப்பில் 10:32 என்று குறித்து அருகே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால், பதிவின் 27ஆம் நிமிடத்தில் விடை இருக்கிறது. சாதாரண ரூல்டு நோட்டும் பால்பாயின்ட் பேனாவும் வைத்திருக்கும் மாணவருக்கு, அட்லாண்டாவின் மின்பலகை செய்த வேலையில் பெரும்பகுதி இப்படியே கிடைத்துவிடுகிறது.

இந்தக் கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு. இடையில் பதிவை நிறுத்தவே கூடாது. ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால், அதற்குப் பிந்தைய குறிப்பு எல்லாமே ஐந்து நிமிடம் தப்பிவிடும். வருகைப் பதிவு, ஒரு மாணவரின் சொந்த விஷயம், வெளியே போகக் கூடாத பேச்சு என ஏதாவது வந்தால் அந்த நேரத்தைக் குறித்துவைத்து, பிறகு அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் மௌனமாக்கலாம். வெட்டி எறிய வேண்டாம். மௌனமாக்கினால் பதிவின் நீளம் மாறாது, எல்லார் நோட்டும் சரியாகவே இருக்கும்.

பணம் செலவிட முடிந்தவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஒன்நோட்டின் கணினிப் பதிப்பில் ஒலியைப் பதிந்துகொண்டே குறிப்பு எடுத்தால், பின்னர் கேட்கும்போது எந்த வரி எந்தப் பேச்சோடு சேர்ந்தது என்பதை அதுவே காட்டும். ஐபேடில் 'நோட்டபிலிட்டி' செயலி கையெழுத்துக்கும் இதைச் செய்கிறது. 2008இல் வந்த லைவ்ஸ்கிரைப் 'பல்ஸ்' பேனா காகிதத்திலேயே இதைச் சாதித்தது: கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்புள்ளிகள் அச்சிட்ட தாளில் எழுதினால், பேனாவின் நுனியிலுள்ள கேமரா இடத்தை அறிந்துகொள்ளும்; எழுதிய சொல்லைப் பேனாவால் தொட்டால் அப்போது பதிவான ஒலி கேட்கும். அருமையான கருவிதான். ஆனால் நுண்புள்ளிகள் அச்சிட்ட அந்தத் தாளில்தான் எழுத வேண்டும் என்பதால் ஒரு வகுப்பு முழுவதற்கும் கொடுப்பது கடினம்.

முதல் செலவு மைக்குக்கு

பட்ஜெட் ஒதுக்கும்போது பெரும்பாலான துறைகள் கேமராவைத்தான் முதலில் எண்ணுகின்றன. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மங்கலான படத்தோடு தெளிவான பேச்சு இருந்தால் மாணவர் படித்துவிடுவார். துல்லியமான படத்தோடு இரைச்சலான பேச்சு கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவார்.

நம் வகுப்பறைகளில் ஒலியின் பெரிய எதிரி மின்விசிறி. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறை முழுக்கப் பரவியிருக்கும் விசிறிச் சத்தமோ அப்படியே இருக்கும். அதனால்தான் மேசைமேல் வைத்த விலையுயர்ந்த செல்போனைவிட, தாடைக்கு ஒரு சாண் கீழே சட்டையில் செருகிய சாதாரண காலர் மைக் தெளிவாகப் பதிகிறது. புடவை முந்தானையோ துப்பட்டாவோ உரசும் இடத்தில் மைக்கை மாட்டினால் ஒவ்வோர் அசைவும் கரகரவென்று பதிவாகும். வகுப்புக்கு முன் அரை நிமிடம் பேசிப் பதிந்து, இயர்போனில் கேட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். செல்போனில் பதிந்தால் விமானப் பயன்முறையைப் போட்டுவிட வேண்டும். நடுவில் வரும் ஓர் அழைப்பு பதிவைத் துண்டித்துவிடலாம்.

காலர் மைக்கில் மாணவர்களின் கேள்வி விழாது. கேள்வியை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னால் போதும். கடைசி பெஞ்சில் இருப்பவர்களுக்கும் அப்போதுதான் கேள்வி என்னவென்று தெரிகிறது.

சேமிப்பிடத்தைப் பற்றிய அச்சம் தேவையில்லை. பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில் எம்பி3 கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிக்கும் குறைவு. 45 மணி நேரப் பாடம் ஒன்று முழுவதும் 1.3 ஜிபியில் அடங்கிவிடும். நொடிக்கு 1 மெகாபிட் அளவுள்ள வீடியோவுக்கு மணிக்கு 450 எம்பி. அதே பாடம் 20 ஜிபியைத் தாண்டும். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் மாணவர்களை நினைத்து, வீடியோ இருந்தாலும் ஒலிக் கோப்பைத் தனியாகத் தருவது நல்லது.

பலகையும் ஸ்லைடும்

பலகையைப் பிடிக்க ஒரு முக்காலியும் செல்போனும் போதும். பலகையின் நடுமட்டத்துக்கு நேராகக் கேமரா இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பலகையில் பளிச்சிடாத கோணத்தைத் தேட வேண்டும். ஆசிரியர் பலகையை மூன்று பத்திகளாகப் பிரித்து இடமிருந்து வலமாக எழுதி, டஸ்டர் படுவதற்கு முன் ஒரு படம் எடுக்கச் செய்தால் வீடியோவே தேவைப்படாது. ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் கோப்பிலேயே பதிந்திருக்கும் என்பதால், ஒலியோடு பொருத்துவது எளிது. இந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போய்ச் சிறிய எழுத்துகள் மங்கிவிடும், நேர விவரமும் போய்விடும். டாக்குமென்டாக இணைத்து அனுப்ப வேண்டும்.

ஸ்லைடு போட்டு நடத்தும் வகுப்புகளுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் திரையையும் மைக்கையும் சேர்த்துப் பதிந்துவிடும். அதில் கோப்பு வகையை எம்கேவி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். வழக்கமான எம்பி4 கோப்பு அப்படித் துண்டிக்கப்பட்டால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. வகுப்பு முடிந்த பிறகு அதே மென்பொருளில் எம்பி4ஆக மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்லைடாக இருந்தாலும் பலகையாக இருந்தாலும் ஆசிரியர் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. "இதை இங்கே போட்டா அது வந்துடும்" என்று கையைக் காட்டிச் சொல்வது வகுப்பில் இருப்பவருக்குப் புரியும். ஒலிப்பதிவில் கேட்பவருக்கு அது வெற்று வாக்கியம். "இரண்டாவது சமன்பாட்டில் எக்ஸுக்குப் பதில் மூன்றைப் போட்டால்" என்று பெயர் சொல்லிப் பேசினால் பதிவும் பிழைக்கும், பார்வையற்ற மாணவரும் அதே பீரியடில் பாடத்தோடு சேர்ந்து வருவார்.

பேச்சிலிருந்து எழுத்து

2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட 'விஸ்பர்' 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது, தமிழையும் எழுத்தாக்கும். அதன் மாதிரிகளை இலவசமாக இறக்கி, இணையம் இல்லாத கணினியிலும் ஓட்டலாம். சென்னை ஐஐடியின் 'ஏஐ4பாரத்' குழு இந்திய மொழிகளுக்கென்றே பேச்சறி மாதிரிகளையும் தரவுகளையும் உருவாக்கித் திறந்த முறையில் வெளியிட்டு வருகிறது.

இந்த எழுத்தாக்கத்தைத் தேடுவதற்கான அட்டவணையாகப் பயன்படுத்தலாம். பாடநூலாகப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் நேரக்குறி கிடைப்பதால், ஒரு கலைச்சொல் எந்த நிமிடத்தில் வந்தது என்று நொடியில் தேடி எடுக்கலாம். அந்த வசதிக்காகவே இது மதிப்புள்ளது. தமிழும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் நம் வகுப்புப் பேச்சில் பிழைகள் கூடும். நீண்ட மௌனத்தின்போது விஸ்பர் யாரும் சொல்லாத வாக்கியங்களைத் தானே எழுதிவிடுவதும் உண்டு. எண்களையும், 'முடியும்', 'முடியாது' போன்று ஓரிரு எழுத்தில் பொருள் கவிழும் சொற்களையும் ஒருவர் ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் மாணவர் கையில் கொடுப்பது ஆபத்து.

மாணவர் எழுத வேண்டியது என்ன

எல்லாம் பதிவாகிறது என்றால் நோட்ஸ் எதற்கு? இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் எழும். பாம் முல்லரும் டேனியல் ஒப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் பேச்சை அப்படியே தட்டச்சு செய்ததும், கருத்து சார்ந்த கேள்விகளில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கியதும் தெரிந்தது. உலகெங்கும் பேசப்பட்ட அந்த முடிவை வைத்துச் சில ஆசிரியர்கள் மடிக்கணினியையே தடை செய்தார்கள். ஆனால் 2019இலும் 2021இலும் வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, தட்டச்சு செய்தவர்கள் சொல்லுக்குச் சொல் எழுதுவது உறுதியானது. தேர்வில் கையெழுத்துக்குக் கிடைத்த முன்னிலை உறுதியாகவில்லை. கருவியைத் தடை செய்ய இதில் வலுவான ஆதாரம் இல்லை. சொல்லுக்குச் சொல் எடுக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு மாணவரை அதிலிருந்து விடுவிக்கலாம் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க யோசனை.

பக்கத்தை வகுத்துக்கொள்ள, கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் பாக் பரப்பிய முறை இன்னும் உதவுகிறது. தாளின் வலப்புறம் அகலமான பகுதியில் குறிப்பு. இடப்புறம் குறுகிய பகுதியில் பின்னர் எழுதும் கேள்விகளும் திறவுச்சொற்களும். அடியில் சில வரிகளில் சுருக்கம். மேலே சொன்ன மணிக்குறி அந்த இடப்பகுதியில் கச்சிதமாக உட்காரும். அன்று மாலையே பதிவைத் திறந்து, கேள்விக்குறி போட்ட நிமிடங்களை மட்டும் கேட்டு, இடப்பகுதியை நிரப்பி, சுருக்கத்தை எழுதினால் வேலை முடிந்தது. முழுப் பதிவையும் மறுபடி கேட்பது நேரத்தை விழுங்கும். நாலைந்து பாடங்கள் படிக்கும் மாணவரால் முடியவும் முடியாது.

செமஸ்டர் முடிவில் முதலிடத்து மாணவரின் நோட்டு ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதிகளாவது எல்லாரும் அறிந்ததே. அந்த ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டது நூறு விடைத்தாளிலும் ஏறும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு மாணவர்கள் என்று முறைவைத்து, அவர்கள் இருவரும் பதிவோடு ஒப்பிட்டு ஒரு பொதுக்குறிப்பைக் கூகுள் டாக்ஸில் எழுதி, மற்றவர்கள் திருத்தம் சொல்லும் ஏற்பாடு இதற்கு மாற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உயர்நிலைக் கணிதம், கணினியியல் வகுப்புகளில் இது நெடுநாள் வழக்கம். முறை வரும் மாணவர் அன்றைக்கு வகுப்பைக் கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

யாருக்குக் கிடைக்கும், யார் சம்மதித்தார்

பதிவு செய்துவிட்டால் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. 2015இல் அமெரிக்காவின் தேசிய காதுகேளாதோர் சங்கம், இணையத்தில் வெளியிட்ட பாடங்களுக்குச் சரியான எழுத்துவரிகள் இல்லை என்று ஹார்வர்டு, எம்ஐடி இரண்டின் மீதும் வழக்குத் தொடுத்தது. 2019இலும் 2020இலும் முறையே இரண்டும் உடன்பாட்டுக்கு வந்தன. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பதிவுகள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டவில்லை என்று 2016இல் அமெரிக்க நீதித்துறை கண்டறிந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட விரிவுரைப் பதிவுகளைப் பொதுப்பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. எழுத்துவரியைத் தொடக்கத்திலிருந்தே சேர்க்காமல் குவித்த பதிவுகளைப் பிறகு சரிசெய்வது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவு யாருக்கு உரியது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும், ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போனால் என்ன ஆகும் என்று செமஸ்டர் தொடங்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். மாணவர்களின் குரலும் பதிவாகும் என்பதை அவர்களுக்கும் சொல்ல வேண்டும். பதிவு ஓடுகிறது என்ற தயக்கத்தில் சந்தேகம் கேட்காமல் போகிறவர்கள் இருந்தால், கடைசிப் பத்து நிமிடத்தைப் பதிவில்லாத கேள்வி நேரமாக வைக்கலாம். பதிவு அதற்கு முன்பே முடிந்துவிடுவதால் நேரக்கணக்கும் கெடாது.

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் 2003 முதல் ஆயிரக்கணக்கான மணி நேரப் பாடங்களைத் தந்திருக்கிறது. அவை உலகுக்காகத் தயாரானவை. கல்லூரி வகுப்பின் பதிவு, அந்த அறையில் அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்கானது. அதை யூடியூபில் எல்லாரும் பார்க்கப் போடும் ஆசையைத் தள்ளிவைத்து, கல்லூரி மின்னஞ்சல் உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள், தொடங்கிய மணி, பாடக் குறியீடு என்ற வரிசையில் இருந்தால் கணினியே தேதிப்படி அடுக்கிவிடும். ஒரே ஒரு பாடத்தில், விருப்பமுள்ள ஓர் ஆசிரியரோடு, ஒரு காலர் மைக்கை மட்டும் வைத்து முதல் மாதத்தை ஓட்டிப் பார்க்கலாம். மாதக் கடைசியில் மாணவர்களின் நோட்டுகளை வாங்கி, இடது ஓரத்தில் எத்தனை பேர் மணி குறித்திருக்கிறார்கள் என்று பார்த்தால், இரண்டாவது மைக்கை வாங்கலாமா என்பது தெரிந்துவிடும்.